மடியில் இருந்தவர்களை யாரும் எண்ணவில்லை

என் மகள் ஏழாவது படித்தபோது ஒரு நாள் சாயங்காலம், வேனில் ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை. எப்போதும் எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலாக ஏதாவது பேசிக்கொண்டே வருவாள். அன்று கச்சிராயபாளையத்தில் வண்டி எடுத்து, அணையைத் தாண்டி, மலை ஏறி, வெள்ளிமலை வந்து சேரும்வரை பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் கேட்டபிறகுதான் சொன்னாள். இங்கிலீஷ் கட்டுரையில் மார்க் போய்விட்டது.

கட்டுரைக்குத் தலைப்பு, அப்பாவின் வேலை. அவள் எழுதியிருந்தது இதுதான். எங்கள் அப்பாவின் வேன் தினமும் ஃபுல்லாக இருக்கும். திங்கட்கிழமை மோர் ஃபுல்லாக இருக்கும். மழை நாளில் மோஸ்ட் ஃபுல்லாக இருக்கும். டீச்சர் அந்த மோரையும் மோஸ்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இப்படி எழுதக்கூடாது என்று வகுப்புக்கு முன்னால் படித்தும் காட்டிவிட்டார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

"நம்ம வேன் அப்படித்தானேப்பா இருக்குது? உண்மையத்தானே எழுதினேன்?" என்றாள்.

 நான் பத்தாவது வரை படித்தவன். அதிலும் இங்கிலீஷ் ஒரு தரம் போய், மறுதரம் எழுதித் தேறியவன். திருநாவலூர் பக்கம் பிறந்து, மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்ற லாரியோடு மலைக்கு வந்து, இங்கேயே வீடு பிடித்து, பிறகு ஒரு பழைய வேன் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட்டுகிறேன். மலைமேலே இருக்கிற பிள்ளைகளைக் காலையில் கீழே கொண்டுபோய் விடுவது, சாயங்காலம் மேலே கொண்டுவருவது. அதுதான் என் வேலை. டீச்சர் தப்பு என்றால் தப்பாகத்தான் இருக்கும், போய்க் கேட்டுக்கொண்டு வா என்று சொன்னேன். 

மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் எனக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். இங்கிலீஷில் உயரமானவன் டால், அவனைவிட உயரமானவன் டாலர், எல்லாரையும்விட உயரமானவன் டாலெஸ்ட். உயரத்துக்கு முடிவு கிடையாது, ஏறிக்கொண்டே போகலாம். ஆனால் சில வார்த்தைகள் முடிவையே சொல்கிற வார்த்தைகள். ஃபுல் அப்படி. எம்ப்டி அப்படி. டெட், பர்ஃபெக்ட், கம்ப்ளீட், யுனீக் எல்லாம் அப்படி. செத்துப்போன ஒருவனைவிட இன்னும் ஜாஸ்தியாகச் செத்தவன் என்று ஒருவன் இருக்க முடியுமா? முடியாது. அதனால் எழுதும்போது அவற்றுக்கு மோர், மோஸ்ட் போடக்கூடாது. பேசும்போது வெள்ளைக்காரர்களே போட்டுப் பேசுகிறார்களாம். எழுத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்றாராம் டீச்சர்.

என் மனைவி அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், சும்மா இருக்கவில்லை.

"சிலிண்டர் காலின்னு சொல்லுவேன். அப்புறம் அதையே சாய்ச்சு வெச்சு ரெண்டு வேளை சோறாக்குவேன். அது இன்னா காலி? அரக் காலியா?"

"அது நியர்லி எம்ப்டிம்மா," என்றாள் மகள். "எம்ப்டிக்குக் கிட்ட. ஒரு சிலிண்டர் இன்னொண்ண விடக் கிட்ட இருந்தா, மோர் நியர்லி எம்ப்டின்னு எழுதலாம். கிட்ட வர்றதுக்குத்தான் மோர் போடணும். வந்து சேந்துட்டா மோர் கெடையாது."

எனக்கு அது பிடித்திருந்தது. முடிவைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, ஆனால் முடிவுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறோம் என்பதைக் கூட்டிக் குறைத்துச் சொல்லலாம். நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஜாஸ்தி, கம்மி என்று சேர்த்துவிடுகிறோம். எதற்குச் சேர்க்கலாம், எதற்குச் சேர்க்கக்கூடாது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்: "நம்ம வேன் ஃபுல் ஆன அப்புறமும் ஏத்தறோமே, அதுக்கு இன்னா எழுதறதுப்பா?"

டீச்சரிடமும் கேட்டாளாம். அதற்கு மோர் ஃபுல் என்று பேரில்லை, ஓவர்லோட் என்று பேர், அது வேறே வார்த்தை என்றாராம். ஓவர்லோட் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். கள்ளக்குறிச்சி போகிற வழியில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்திச் சொல்வார்கள். என் மகள் வாயிலிருந்து அது வந்தபோது நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்துவிட்டேன்.

எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஃபுல் என்று சொல்வதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டு ஃபுல் என்றால் நிற்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாண்டிங் ஃபுல் என்றால் நகர்ந்து நின்றால் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். டைட்டு ஃபுல் என்றால் வெளியிலிருந்து ஒருவர் தள்ளினால்தான் கதவு சாத்தும். பள்ளிக்கூட வேனில் இதற்குமேல் இன்னொன்று உண்டு, அது மடி. எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகள் மடியில் வைத்துக்கொள்வார்கள். மடிப் பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை. வேனில் எத்தனை பேர் என்று கேட்டால், மடியில் இருப்பவர்களை விட்டுவிட்டுத்தான் நானும் சொல்வேன், மற்ற டிரைவர்களும் சொல்வார்கள், பெற்றவர்களும் சொல்வார்கள். அது பொய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மடியில் இருப்பது எப்படி ஒரு ஆள் ஆகும்?

அந்த வருஷம் ஒரு நாள் காலையில், மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மலைக்காரர் தன் பெண்ணோடு நின்று வேனைக் கை காட்டி நிறுத்தினார். அவர்கள் ஊர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பள்ளத்தில் இருக்கிறது. ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தால் மலைச்சாலையின் பாதியில் ஒரு வளைவில் வந்து சேரலாம். அங்கேதான் நின்றார்கள். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிட்டது. ஒன்பதாவதுக்குக் கீழேதான் போக வேண்டும். வெள்ளிமலையிலிருந்து வருகிற பஸ் அந்த வளைவில் நிற்பதில்லை. நிறைந்து வருகிற பஸ், இறக்கத்தில் நிறுத்துவது கஷ்டம் என்று டிரைவர் போய்விடுவார். அவர்மேலும் குறை சொல்ல முடியாது.

நான் சீட்டு இல்லை என்றுதான் முதலில் சொன்னேன். அவர் கெஞ்சவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏத்தலன்னா நாங்க மொளகு பறிக்கப் போறப்ப இட்டுக்கினு போயிடுவோம்ங்க. தனியா வூட்ல வுட முடியாது. போனா அப்பறம் படிப்பு இல்ல," என்றார். மிளகு பறிக்கக் குடும்பத்தோடு கேரளா பக்கம் போய் மாசக்கணக்கில் தங்கிவிடுவார்கள்.

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். நான் உள்ளே திரும்பி, கொஞ்சம் நவுந்து ஒக்காருங்க என்றேன். நகர்ந்தார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளை மடிக்கு மாற்றினோம். அவளுக்கு இடம் வந்துவிட்டது. அப்படித்தான் எல்லாருக்கும் இடம் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் அந்த வளைவில் பிரேக் போடும்போதெல்லாம், என் மகள் கேட்டது காதில் விழும். ஃபுல் ஆன அப்புறம் ஏத்தறதுக்கு இன்னா எழுதறது. அவள் பின்னால்தான் உட்கார்ந்திருப்பாள். மறுபடி கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு நாள் சாயங்காலம் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில், மேலேயிருந்து சரிந்த மண் ரோட்டில் சேறாகக் கிடந்தது. இரண்டாவது கியரில் ஏறிய வண்டி திணறியது. முதல் கியருக்கு மாற்றக் கிளட்சை மிதித்தேன். அந்த நொடியில் வண்டி பின்னால் நகர்ந்தது. பிரேக்கை அழுத்தினேன், பிடித்தது. சக்கரம் நின்றுவிட்டது, ஆனால் வண்டி நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு சேற்றில் வழுக்கிக்கொண்டே பின்னால் போனது. கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. தடுப்புச் சுவரும் அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சியும்தான் தெரிந்தன. பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. அவ்வளவு அமைதியை அந்த வேனில் நான் கேட்டதே இல்லை.

சுவருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துப் பிடித்திருந்தேன். பின்னால் பைக்கில் வந்தவர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக இறங்கி, மலை ஓரமாகப் போய் நிற்கச் சொன்னேன்.

இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மலை ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். வரிசை வளைந்து, வளைவைத் தாண்டியும் போனது. காலையில் ஒவ்வொரு இடத்தில் ஒன்றிரண்டாக ஏறுவார்கள், சாயங்காலம் ஒன்றிரண்டாக இறங்குவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் வெளியே நின்று நான் பார்த்ததே கிடையாது. மழை தலையில் விழ, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வரிசையில் ஒரு பையன் நின்றான். எல்கேஜியில் சேர்ந்தபோது மடிக்கு வந்தவன். அந்த வருஷம் நாலாவது. அவனை மடியில் வைத்துக்கொள்கிற அக்காவின் காதுக்குச் சமமாக இருந்தான்.

"நீ யார் மடிலடா வர?" என்று கேட்டேன்.

"இந்தக்கா மடில," என்றான்.

அந்த அக்கா, "காலு மரத்துப் பூடும்ணா. எறங்கச் சொன்னா எங்க ஒக்காருவான்?" என்றாள்.

மடிக்கு வந்தவர்கள் மடியிலேயே வளர்ந்துவிட்டார்கள். வருஷா வருஷம் புதிதாக மடிக்கு வந்தவர்கள் வேறே. நான் அதே எண்ணிக்கையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். வண்டி இழுக்கவில்லை என்று கள்ளக்குறிச்சிக்குப் போய் மெக்கானிக்கிடம் இரண்டு தரம் சண்டை போட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் வளைவைத் தாண்டிச் சமமான இடம்வரை நடந்து ஏறினார்கள். நான் காலி வண்டியை ஓட்டி வந்து ஏற்றிக்கொண்டேன். அதே எல்லாரையும்தான். வேறு என்ன செய்ய முடியும், இருட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். இனி மடி கிடையாது, ஒரு சீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப யார எறக்கப் போற?"

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வழிதான் நியாயமாகப் பட்டது. வெள்ளிமலையிலும் பஸ் நிற்கிற இடங்களிலும் இருக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் போகலாம். பஸ் நிற்காத இடத்துப் பிள்ளைகளுக்கு வேனை விட்டால் வேறு வழி இல்லை. அவர்களுக்குத்தான் சீட்டு. இதை மற்ற வீடுகளில் போய்ச் சொல்வதென்றால், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிற என் வீட்டில் முதலில் சொல்ல வேண்டும்.

 மனைவி, "பெத்த பொண்ண எறக்கி வுட்டுட்டு ஊர்ப் பிள்ளைங்களுக்கு வேன் ஓட்டப் போறியா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

மகள் சரி என்றுதான் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "பஸ்ஸும் ஃபுல்லாத்தாம்பா வரும்," என்றாள். 

மற்ற வீடுகளுக்கும் போனேன். சில பேர் புரிந்துகொண்டார்கள். ஒருவர் காபி கொடுத்து உட்காரவைத்து, எல்லாம் கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "எம் பையன் மடிலதான வரான்? மடிக்கு இன்னாப்பா வெயிட்டு? சீட்டையா கேட்டேன் ஒன்ன?" நாலாவது படிக்கிற பையனின் அப்பா அவர். அந்த வரிசையை அவர் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். பார்க்காத ஒருவருக்கு அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல முயன்றேன். வளைவைத் தாண்டி நின்றார்கள் என்றேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் நல்லது செய்துவிட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்ததைக் கேளுங்கள். நான் இறக்கிவிட்ட பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸில் போகவில்லை. பாதிப் பேர் வேறு ஒரு வேனில் சேர்ந்தார்கள். அது என் வேனைவிடப் பழையது. அந்த வேன் எனக்கு முன்னால் மலை ஏறும்போது, பின்கண்ணாடியில் அழுந்திய கைகளும் பைகளும் தெரியும். அந்த நாலாவது பையன் என் வேனைப் பார்த்துக் கை ஆட்டுவான். நான் அந்த வண்டிக்கும் எனக்கும் நடுவில் வெகுதூரம் விட்டு, வளைவுகளில் அது ஏறி முடிக்கிறவரை நின்றுவிட்டுத்தான் ஏறுவேன். 

அந்த டிரைவர் என்னைவிட இளையவர், பழக்கமானவர்தான். அணைக்குப் பக்கத்தில் டீக்கடையில் பார்த்தபோது சொன்னேன், வண்டி தாங்காது தம்பி, அந்த வளைவில் எனக்கு நடந்தது தெரியுமில்ல என்று. அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நீ எறக்கி வுட்டதுதாண்ணா என் வண்டில கீது. நானும் எறக்கி வுட்டா எங்க போவும் அதுங்க?"

 என் வண்டியில் ஓவர்லோட் இல்லை. மலையில் இருந்தது, அதே அளவு, வேறே வண்டியில்.

அப்போதெல்லாம் என் மகள் பஸ்ஸில் போய்ச் சில நாள் லேட்டாகப் பள்ளிக்கூடம் சேர்வாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பஸ்ஸில் யாரோ ஓர் அக்கா அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வதாக மட்டும் சொன்னாள்.

மலைக்காரர் பெண்ணுக்கு அதற்குப் பிறகு சீட்டு நிரந்தரமாகக் கிடைத்தது. கதவுக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரம். ஒரு நாளும் தவறமாட்டாள். நான் ஹாரன் அடிப்பதற்கு முன்னால் வளைவில் நிற்பாள். அவள் அப்பா மிளகுக்குப் போனபோது, அவளைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். போகும்முன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சீட்டு இல்லையென்றால் அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறபோது, செய்தது சரி என்று தோன்றும். அந்தப் பின்கண்ணாடியில் தெரிகிற கைகளைப் பார்க்கிறபோது தோன்றாது.

கார்த்திகையில் ஒரு காலை. மழை விட்டும் விடாமலும் இருந்தது. அந்த வளைவில் அந்தப் பெண்ணோடு இன்னொரு சின்னப் பெண்ணும், அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாவும் நின்றார்கள். அவர்களும் அதே பள்ளத்து ஊர்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவதில்லை, கீழே மாற்றிச் சேர்த்திருக்கிறோம், இன்றைக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா கேட்டார்கள். இன்றைக்கு மட்டும் என்றால் நாளைக்கும்தான் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சீட்டு இல்லைம்மா, ஃபுல் என்றேன்.

அந்த அம்மா வேனுக்குள் பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. யாரும் நிற்கவில்லை. யார் மடியிலும் யாரும் இல்லை. மலையில் வண்டி ஏறுகிற எவரும் அதை ஃபுல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் என்னைத் திட்டவில்லை. நான் வேண்டாதவர்களைத் தள்ளுவதற்கு ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதற்குள் மலைக்காரர் பெண் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் நன்றாக ஒடுங்கி நகர்ந்துகொண்டாள். பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"நவுந்தா எடம் இருக்குதுங்கண்ணா," என்றாள். "எம் மடில ஒக்காந்துக்கட்டும். கனமே இருக்காது."

 இதே வளைவில் இவளுக்காக நான் நவுந்து ஒக்காருங்க என்றுதான் உள்ளே திரும்பிச் சொன்னேன். அது அவளுக்கு மறந்திருக்காது. வேண்டாம் கண்ணு, கதவச் சாத்து என்றேன். அவள் சாத்தவில்லை. இறங்கிவிடுவாளோ என்று பயந்தேன். இறங்கினால், அவள் நாளைக்கும் வரமாட்டாள். நானே இறங்கி வந்து கதவைச் சாத்தினேன். அந்த அம்மா சின்னப் பெண்ணின் தலையில் முந்தானையைப் போட்டுவிட்டு, வந்த பாதையைப் பார்த்தார்கள்.

வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அந்தப் பெண் தெரிந்தாள். அணை வந்தது, கச்சிராயபாளையம் வந்தது. அவள் நகர்ந்து உட்கார்ந்தவள் திரும்ப விரிந்து உட்காரவில்லை. பக்கத்தில் அந்த ஒரு சாண் இடம் பள்ளிக்கூடம்வரை அப்படியே காலியாக வந்தது.